மாசி வெயிலும் ஒரு செவலைப் பூனையும்

ஊட்டிக்குப் போங்கள், மூணாறுக்குப் போங்கள், பூத்த மலையெல்லாம் சுற்றிப் பாருங்கள். நான் தடுக்க மாட்டேன். ஆனால் மாசி மாதக் காலை எட்டு மணிக்குப் பெருமாட்டியில் ஒரு தென்னந்தோப்பு வரப்பில், வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு பூனை முன்னால் நடக்க, நீங்கள் அதன் பின்னால் நடந்து பார்த்ததில்லை என்றால், வெயிலை நீங்கள் இன்னும் அரைகுறையாகத்தான் அறிந்திருக்கிறீர்கள். மிகையாகப் பேசுகிறான் என்று தோன்றும். தோன்றட்டும். இந்த ஒரு விஷயத்தில் அடக்கி வாசிக்க எனக்கு வராது.

பெருமாட்டி இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில். பொள்ளாச்சியிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் மீனாட்சிபுரம் பக்கம் மாநிலம் மாறும். பேச்சு அவ்வளவாக மாறாது. வீட்டுக்குள் கொங்குத் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பஞ்சாயத்தைத் தெரிந்ததே இங்குள்ள பிளாச்சிமடை என்ற ஊரால்தான். 2000-ல் கோக்க கோலா ஆலை வந்தது; கிணறெல்லாம் கெட்டுப்போயிற்று என்று ஊர் திரண்டது; 2002 ஏப்ரலில் மயிலம்மா முதலான இரவாளர் பழங்குடிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள்; 2004 மார்ச்சில் ஆலை நின்றது. பெரிய கதைதான், எங்களுக்குப் பெருமையான கதைதான். ஆனால் அதைக் கேட்டு வருகிறவர்கள் மூடிக் கிடக்கும் கேட்டின் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். தோப்புக்குள் வந்து கொஞ்ச நேரம் வெயிலில் உட்கார்ந்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் வசந்தம் மிகக் குட்டையானது. அதனால்தான் அதன் மேல் இவ்வளவு பைத்தியம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு வழிவிட்டு நிற்கிறது. அந்தப் பாலக்காட்டுக் கணவாயில், கிழக்கு வாசலை ஒட்டி நாங்கள் குடியிருக்கிறோம். மார்கழியிலும் தையிலும் கிழக்கேயிருந்து கிளம்பும் காற்று எங்கள் தோப்பைக் கேட்காமல் கேரளத்துக்குள் நுழையாது. உதடு வெடிக்கும், கதவுகள் அடித்துக்கொள்ளும், தென்னமட்டை எப்போது எங்கே விழும் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் பூனை வாசற்படியோடு நின்றுவிடும். காது இரண்டையும் பின்னால் மடக்கி, காற்றைத் திறந்துவிட்டவன் நான்தான் என்று நினைத்து என்னை முறைக்கும். பங்குனி பாதி தாண்டினால் வேறு தொல்லை. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டிப் போய், வெப்ப அலை என்றே வானிலைத் துறை அறிவித்தது. காற்று அடங்கி, அனல் பிடிப்பதற்கு முன்னால் ஓர் இடுக்கு இருக்கிறதே, மாசி முழுக்கவும் பங்குனியில் கொஞ்சமும், அதுதான் எங்கள் வசந்தம். அடடா, என்ன இடுக்கு அது!

இரண்டாம் போக நெல் அறுப்பு நடந்துகொண்டிருக்கும். அறுத்த வயலில் தாள் காய்ந்து பொன்னாகக் கிடக்கும். பக்கத்து முதலமடையில் மாங்காய் ஏற்கெனவே பெட்டிக்குள் ஏறி வடக்கே போய்க்கொண்டிருக்கும். நாட்டிலேயே சீக்கிரம் காய்க்கும் மாந்தோப்புகளில் அதுவும் ஒன்று. எங்கள் வீட்டு மரம் சோம்பேறி, அப்போதுதான் பூவெடுத்து நிற்கும். அந்தப் பூவில் தேனீயும் ஈயும் போடும் ரீங்காரம் திண்ணை வரை கேட்கும். முள்ளிலவு ஓர் இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்திருக்கும். வேம்பு சருகை உதிர்த்துவிட்டுச் செம்புநிறத் தளிர் விடும். தெற்கே நெல்லியாம்பதி மலை, மழைக்காலத்தில் மேகத்துக்குள் போனது, இப்போது மடிப்பு மடிப்பாகத் தெரியும். இவ்வளவையும் வருஷா வருஷம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பார்ப்பது வேறு, அதற்குள் போய் உட்காருவது வேறு. உட்காரப் பழக்கியது செவலை.

செவலை எங்கள் பூனை. கடுவன். செவலை மாட்டின் நிறம், வயிற்றில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. வைக்கோல்போருக்குள் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததை என் ஆத்தா முந்தானையில் எடுத்துக்கொண்டு வந்தது. வீட்டில் யாரும் அதற்கு நடை பழக்கவில்லை, கயிறு கட்டவில்லை. தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச நான் கிளம்பும்போது தானாகவே கூட வர ஆரம்பித்தது. இப்போது நிலைமை தலைகீழ். அது கிளம்பும்போது நான் கூடப் போகிறேன். மண்வெட்டி என் தோளில் இருக்கும், அது சும்மா ஊர் வாய்க்காக.

ஊர் வாய் சும்மா இருக்குமா? “ஏனுங்க, ஆடு மேய்க்கிறதப் பாத்திருக்கறேன், மாடு மேய்க்கிறதப் பாத்திருக்கறேன், பூனை மேய்க்கிறத இப்பத்தானுங்க பாக்கறேன்” என்று வரப்பில் எதிரே வந்த பெரியவர் கேட்டார். அன்றிலிருந்து அதுவே என் பட்டப்பெயர். பக்கத்து வீட்டுச் சேச்சி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “எந்தா சேட்டா, பூச்சய்க்கும் மார்னிங் வாக்கோ?” என்பார். ஆமாம் சேச்சி, வாக்குதான். டாக்டர் எனக்குச் சொன்னது, பூனை கூட்டிக்கொண்டு போகிறது.

காலையில் முதலில் சாப்பாடு. இதில் நான் கறார். வயிறு நிறைந்த பின்தான் கதவு திறக்கும். இங்கிலாந்தில் எக்சிட்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்: இறைச்சிப் புரதம் மிகுந்த தீனி போட்டால் பூனை வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவருவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, தினமும் ஐந்து பத்து நிமிஷம் அதனோடு விளையாடினால் கால்பங்கு குறைகிறது. எனக்கு இது தேவவாக்கு. தோப்பில் தேன்சிட்டு கூடு கட்டும் காலம் இது. சைக்கிள் காலத்திலிருந்து வரும் மீன்காரர் இப்போது ஸ்கூட்டரில் வருகிறார். அவரிடம் முந்தின நாள் வாங்கி அவித்து வைத்த மத்தி இரண்டு, முள் எடுத்து, செவலைக்கு. அதன் பிறகு ஒரு தென்னங்குச்சி நுனியில் கோழி இறகைக் கட்டித் திண்ணையில் ஓர் ஆட்டம். அப்புறம்தான் வெளியே. இவ்வளவும் முடித்தால் சூரியன் கிழக்குப் பனைகளின் கொண்டையைத் தாண்டியிருக்கும், சரியான நேரம்.

முதல் இடம் களம். தேங்காய் காயப்போடும் சிமெண்டுக் களம். அந்த நேரத்தில் களத்தின் கிழக்கு மூலையில் மட்டும் வெயில் விழுந்திருக்கும், மற்ற இடமெல்லாம் இன்னும் தென்னை நிழல். செவலை யோசிக்காது, தேடாது. நேரே அந்த மூலைக்குப் போய், முன்கால் இரண்டையும் நீட்டி, முதுகை வளைத்து, ஒரு சோம்பல் முறிக்கும் பாருங்கள்! மகாபலிபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் பல்லவச் சிற்பி ஒரு பூனையைத் தூக்கிய கையோடு தவத்தில் நிற்க வைத்திருக்கிறான், காலடியில் எலிகள். பொய்த்தவம் செய்யும் பூனை என்று அதைச் சொல்வார்கள். அந்தச் சிற்பி ஏழாம் நூற்றாண்டில் ஏதோ ஒரு களத்தில் உட்கார்ந்து பூனையை வெகுநேரம் பார்த்திருக்கிறான், சந்தேகமே இல்லை. ஆனால் தவத்தில் பொய் இருந்ததென்று எனக்கு ஒப்புக்கொள்ள மனமில்லை. வெயிலில் உட்கார்ந்த பூனையைவிட உண்மையான தவசியை நான் கண்டதில்லை.

சோம்பல் முறித்தபின் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த பக்கம் சூடேறியதும் புரளும். வயிற்றைக் காட்டி மல்லாந்து கிடக்கும். நான் பக்கத்தில் சாக்கு விரித்து உட்காருவேன், பிறகு நானும் சாய்வேன். என்ன சுகம்! சிமெண்டின் இளஞ்சூடு முதுகில் ஏறும். மேலே தென்னங்கீற்று அசைய அசைய வெயில் முகத்தில் வந்து வந்து போகும். எங்கோ குயில் இந்த வருஷத்துக் குரலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். பூனையின் கழுத்தருகே மூக்கை வைத்து முகர்ந்தால், இதைப் படிக்கிறவர்களில் பூனை வளர்ப்பவர்கள் உடனே தலையாட்டுவார்கள், வெயிலில் காய்ந்த அந்த மயிரில் இரும்புச் சட்டியில் வறுத்த அரிசியின் மணம் வரும். கடையில் எந்த அத்தரும் இந்த மணத்துக்குப் பக்கத்தில் நிற்காது.

பூனைக்கு ஏன் வெயில் மேல் இவ்வளவு ஆசை? வைட்டமின் டி-க்காக என்று நினைப்பவர்கள் உண்டு. கிடையாது. மனிதத் தோல் வெயிலில் அந்த வைட்டமினைத் தயாரிக்கும். பூனைத் தோலால் தேவையான அளவுக்கு முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். மத்தி அதற்கு. வெயிலின் காரணம் எளிது: குளிர்கிறது. உடம்புச் சூட்டைக் காக்கவோ ஆற்றவோ கூடுதலாகச் செலவு செய்யாமல் பூனை சும்மா இருக்கக்கூடிய வெப்பநிலை ஏறக்குறைய 30-லிருந்து 38 டிகிரி வரை. மாசிக் காலையில் எங்கள் தோப்பில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். ஆகா இதமாக இருக்கிறதே என்று நான் துண்டை எடுத்துவிட்டு நிற்கும்போது செவலைக்கு அது குளிர்காலம்! வட ஆப்பிரிக்கா, மேற்காசியா பக்கத்து வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வம்சமல்லவா? சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதருக்குப் பக்கத்தில் ஒரு பூனையையும் புதைத்திருந்ததை 2004-ல் தோண்டியெடுத்தவர்கள் எழுதினார்கள். அவ்வளவு காலமாகக் கூடவே இருந்தும் நம் குளிரும் அதன் குளிரும் ஒன்றாகவில்லை. பத்து மணிக்கு நிழலிலேயே முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று ஆகி நான் வியர்த்து எழுந்திருக்கும்போது அதற்கு அப்போதுதான் வீடு வந்து சேர்ந்த நிம்மதி.

வெயிலில் செவலையின் நிறத்தைப் பார்க்கவென்றே தனியாக ஒரு காலை ஒதுக்க வேண்டும். வீட்டுக்குள் வெறும் செம்மஞ்சள். வெளிச்சத்தில் வந்ததும் உடம்பெல்லாம் வரி எழும்பும். நெற்றியில் பட்டை, கன்னத்தில் பட்டை, வாலில் வளையம் வளையமாக. சிவப்புப் பூனை எதுவானாலும் வரிப்பூனைதான், சிலவற்றில் மங்கித் தெரியும், அவ்வளவே. ஐந்து சிவப்புப் பூனையில் நான்கு கடுவனாக இருக்கும். அந்த நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அது இன்ன மரபணு என்று 2025-ல்தான் ஸ்டான்ஃபோர்டிலும் ஜப்பானின் கியூஷுவிலும் தனித்தனியே கண்டுபிடித்து அச்சிட்டார்கள். செய்தியைப் படித்துக் காட்டியபோது ஆத்தா, “அதுக்கு இத்தன படிச்சவீங்க வேணுமாக்கு? வைக்கோல்போரில பொறந்தா வைக்கோல் நெறம்” என்று முடித்துவிட்டது. கண்ணையும் சொல்ல வேண்டும். வெயிலில் பாப்பா ஒரு கோடாகிவிடும். நம் கண்ணின் பாப்பா விரிந்து சுருங்கும்போது பரப்பளவு பதினைந்து மடங்கு மாறுமாம். பூனைக்கு 135 மடங்கு. காதின் பின்னால் வெயில் அடித்தால் உள்ளே சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும். நான் ஒரு பூனையின் காதைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

களத்தை விட்டால் தோப்பு. செவலை முன்னால், நான் பின்னால். பூனை குறுக்கே போனால் காரியம் ஆகாது என்பவர்கள் என்னோடு ஒருநாள் வந்து பார்க்கலாம். ஒவ்வொரு தென்னைக்கும் ஒரு தடவை குறுக்கே போகும், அத்தனைக்கும் பிறகு எனக்கு நடந்த கெட்டது, பசி எடுத்தது ஒன்றுதான். மரத்தின் மேலே கள் இறக்குகிறவர் பாளையைத் தட்டிக்கொண்டிருப்பார். டக்… டக்டக்… டக். செவலை அடியில் உட்கார்ந்து அண்ணாந்து கேட்கும். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. சித்தூர்க் கள்ளோ வண்டி வண்டியாகத் தெற்குக் கேரளம் வரை போகிறது. எல்லைக் கடைகளில் பொள்ளாச்சிப் பக்கத்து நம்பர் வண்டிகள் நிற்பதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பாளைத் தட்டும் சத்தம் இல்லாத காலை எங்களுக்கு விடியாத காலை.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கே பூனை ஒன்று வேண்டும் என்று தோன்றும். தோப்பில் களை எடுக்கும்போது குப்பைமேனிச் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். புளியங்கன்றின் நிழலில் படுத்திருந்த செவலை எழுந்தது. மூக்கை நீட்டிக்கொண்டே வந்தது. பிடுங்கிய வேரை முகர்ந்தது, நக்கியது, கன்னத்தைத் தேய்த்தது, அதன் மேலேயே விழுந்து புரண்டது. எச்சில் வடிகிறது, கண் பாதி மூடியிருக்கிறது, என்னை யாரென்றே தெரியவில்லை. தெருவோரம், குப்பைமேடு, எங்கும் முளைக்கிற அதே செடி! சொறிசிரங்குக்கு அரைத்துப் பூசுவோமே, அதே குப்பைமேனி. பழைய மருத்துவர்கள் இதற்குப் பூனைவணங்கி என்றே பேர் வைத்திருக்கிறார்கள். மேல்நாட்டில் பூனைகளுக்கென்று ஒரு புதினாச் சொந்தக்காரச் செடியைக் காசு கொடுத்து வாங்கிப் பொம்மைக்குள் அடைத்துக் கொடுக்கிறார்கள். நம் வாய்க்கால் மேட்டில் அந்த வேலையை ஒரு களை இலவசமாகச் செய்கிறது. இலையைக் கசக்கிப் பாருங்கள், பூனை திரும்பிப் பார்க்காது. வேர்தான், அதுவும் அப்போது பிடுங்கிய வேர். கொஞ்ச நேரம் போதை, பிறகு எழுந்து உதறிக்கொண்டு, எதுவும் நடக்காத முகத்தோடு முன்னங்காலை நக்க ஆரம்பிக்கும். தினமும் கொடுப்பதில்லை, வாரத்தில் எப்போதாவது, களை எடுக்கும் சாக்கில். அன்றைக்கு அதைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

தோப்பின் மற்ற குடிமக்களோடு செவலையின் உறவு சுமுகமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தவிட்டுக்குருவிகள் அதைக் கண்டதும் ஏழெட்டாகக் கூடிக் கத்தித் தீர்க்கும். மரத்துக்கு மரம் தாவிப் பின்தொடரும். எங்கே பதுங்கினாலும் காட்டிக்கொடுக்கும். எந்த மணியும் கழுத்தில் கட்ட வேண்டாம், தவிட்டுக்குருவி போதும் என்பது என் கட்சி. ஓணான் ஆண் இந்தப் பருவத்தில் தலை சிவந்து, வேலிக்காலில் தண்டால் எடுக்கும். செவலை அதைப் பார்த்தபடி தாடையை நடுக்கி, பல் தெரிய ஒரு கிறுகிறு சத்தம் போடும். முல்லை அரும்பைப் பார்த்து வெருகுப் பூனையின் சிரிப்பை நினைத்தவர் குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார். அந்தப் பல்வரிசையை இவ்வளவு பக்கத்தில் பார்த்த பிறகுதான் எனக்கு அவர் எவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்று புரிந்தது.

மயில்தான் உச்சம். எங்கள் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை, பயிர் வைக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். ஒரு காலை, அறுத்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஆண்மயிலைச் செவலை கண்டது. தரையோடு தரையாகப் படிந்தது. பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டியது. வரப்பின் மறைவில் ஓர் அடி, இன்னோர் அடி. அந்த அக்கறையைப் பார்த்தால் மயில் அன்று தப்பாது என்றே நினைப்பீர்கள். மயில் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தோகையை விரித்துவிட்டுத் திரும்பியது, அவ்வளவுதான். விரிந்த அத்தனை கண்ணும் செவலையைப் பார்த்தன. செவலை அப்படியே உட்கார்ந்தது. பிறகு மிக அவசரமாக வாலை நக்கத் தொடங்கியது. நான் மயிலுக்காக வரவில்லை, வால் அழுக்காக இருந்தது, அதற்காக வந்தேன் என்கிற பாவனை. நான் சிரித்த சிரிப்பில் மயிலும் பறந்துவிட்டது. வீடு வரும் வரை செவலை என் பக்கம் திரும்பவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் வரும் முறை இருந்தால் அங்கேயும் ஒரு நிறுத்தம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்கு 1970-ல் இரு மாநிலமும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூருக்கு வர வேண்டும். மூலத்தறையில் தடுத்து வாய்க்காலில் திருப்பி விடுகிறார்கள். வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று டீக்கடையில் வருஷம் முழுக்கக் கணக்கு ஓடும். செவலை கரையில் குனிந்து நாலு நக்கு நக்கிவிட்டு, தன் பங்கு வந்து சேர்ந்த திருப்தியோடு ஓடும் தண்ணீரில் மின்னும் வெயிலைக் கையால் தட்டும். ஈரமாகும். உதறும். மறுபடி தட்டும். தண்ணீருக்குப் பயந்த ஜென்மம் என்று பூனையைச் சொல்கிறவர்கள் வெயில் விழுந்த வாய்க்காலில் பார்த்ததில்லை.

பத்து மணிக்குக் கூட்டம் கலையும். அதற்கு மேல் களத்துச் சிமெண்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன்; என் கை தாங்காவிட்டால் அதன் பாதமும் தாங்காது. பூனைக்கு வியர்வை பாதத்தில் மட்டும் கொஞ்சம். மற்றபடி உடம்பை நக்கி நக்கித்தான் ஆற்றிக்கொள்ளும். அந்த நக்குவதிலேயே ஒரு வம்பும் உண்டு. மருந்தடித்த மாந்தோப்புக்குள் அதை விடவே மாட்டேன்; மயிரில் படிவது எல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். இந்தப் பருவத்தில் உண்ணி வேறு ஏறும். வீட்டில் நாய்க்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசிவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு விஷம். வெள்ளைப் பூனை வைத்திருப்பவர்கள் இன்னும் சீக்கிரம், எட்டரை ஒன்பதுக்கே நிழலுக்கு அழைத்துக்கொள்ளுங்கள்; வெளுத்த காதுநுனியில் வருஷக்கணக்காக வெயில் பட்டால் புற்றுநோய் வரை போகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருஷம் தவறாமல். வைக்கோல் பக்கம் பூனை திடீரென்று நின்று உற்றுப் பார்த்தால் நீங்களும் நின்றுவிடுங்கள். கண்ணாடி விரியன் வெயில் காய வரும் இடமும் அதுவே. இவ்வளவுதான் எச்சரிக்கை. மீதியெல்லாம் ஆனந்தம்.

பகல் முழுக்க அது மண்பானை வைத்திருக்கும் மூலையில், ஈர மணலுக்குப் பக்கத்தில் தூங்கும். மாலையில் ஒரு சின்னச் சுற்று உண்டு. பனை உழவாரன் குருவிகள் பனைமரங்களைச் சுற்றிச் சுற்றி வரும் நேரம், வெயில் மேற்கே சாய்ந்து எல்லாவற்றின் நிழலும் நீண்டு, செவலையின் நிழல் ஒரு புலிக்கு உரியதாகக் கிடக்கும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காலைதான் காலை. மாலைக்கு நான் இவ்வளவு எழுத மாட்டேன்.

சொந்தக்காரர்கள் கோயமுத்தூரிலிருந்து போன் செய்து, “லீவுக்கு எங்கயாச்சும் போலாமா?” என்று கேட்கிறார்கள். மாசியில் நான் எங்கேயும் வருவதாக இல்லை. நீங்கள் வாருங்கள். சித்திரை பிறந்து, கொன்றை பூத்து, விஷுக்கணி வைத்த பிறகு வந்தால் நான் பொறுப்பல்ல. அப்போது இங்கே பூனையும் பானையடியை விட்டு வராது. இப்போதே வாருங்கள். பொள்ளாச்சியில் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், இறங்கி யாரிடமாவது பூனை மேய்க்கிறவர் வீடு எது என்று கேளுங்கள், வழி சொல்வார்கள். சாக்கு என்னிடம் இன்னொன்று இருக்கிறது, டீ ஆத்தா போடும், மீன்காரர் ஏழு மணிக்கே வந்துவிடுவார். கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம். ஒன்றே ஒன்று: மயில் விஷயத்தைச் செவலையின் முன்னால் பேச வேண்டாம்.